லேசருக்குப் பணம் போட்ட ராணுவம் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறா?

நிழல்மானி (கேள்வி):

வணக்கம். முதுகலை இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். ராணுவ ஆராய்ச்சியிலிருந்து வந்த ஒளியியல் கண்டுபிடிப்புகள் பற்றி ஒரு செமினார் எடுக்க வேண்டும். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் மிச்சம். லேசரே ராணுவப் பணத்தில் பிறந்தது என்று ஓர் இடத்தில் இருக்கிறது. இன்னோர் இடத்தில், 1960 மே 16 அன்று அமெரிக்க இயற்பியலாளர் மெய்மன் மாணிக்கக் கல்லில் லேசரை வரவழைத்ததற்கும், அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார்கள். நடுவில் கூல்டு என்று இன்னொருவர் பெயர் வருகிறது. மெய்மன் செய்தியை வெளியிட்ட கையோடு பத்திரிகைகள் "மரணக் கதிர்" என்று எழுதிவிட்டன. இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கதிர் சினிமாவில்தான் இருக்கிறது. அப்படியென்றால் போட்ட பணத்துக்கு உருப்படியாக வந்தது எது? நிறைய வேண்டாம், ஒன்றிரண்டை ஆழமாகப் பேசு என்கிறார் வழிகாட்டி.

வெட்டிப்பேச்சு:

இதில் குழம்ப என்ன இருக்கிறது? எல்லாம் ராணுவம்தான். இன்டர்நெட், ஜிபிஎஸ், லேசர், எதை எடுத்தாலும் அடியில் தோண்டினால் பென்டகன் பணம் இருக்கும். அதை எழுதுங்கள், மார்க் வந்துவிடும்.

பழைய பெஞ்ச்:

அவசரப்பட்டு அப்படி எழுதிவிடாதீர்கள் தம்பி. லேசர் விஷயத்தில் பணம் போன இடம் ஒன்று, சரக்கு வந்த இடம் இன்னொன்று.

கார்டன் கூல்டு 1957 நவம்பரில் தன் யோசனையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, நோட்டரி முத்திரையும் வாங்கி வைத்தார். முத்திரை போட்டவர் ஒரு மிட்டாய்க் கடைக்காரர், அவரே நோட்டரியும் கூட. பிறகு கூல்டு சேர்ந்த டிஆர்ஜி கம்பெனி, பென்டகனின் ஆராய்ச்சி முகமையான ஆர்ப்பாவிடம் 3 லட்சம் டாலர் கேட்டது. ஆர்ப்பா 9,99,000 டாலர் கொடுத்தது. கொடுத்த கையோடு திட்டத்தை ரகசியமாக்கிவிட்டார்கள். கூல்டுக்குப் பழைய கம்யூனிஸ்ட் தொடர்பு இருந்ததால் பாதுகாப்பு அனுமதி கிடைக்கவில்லை. தன் யோசனையை வைத்து நடக்கிற ஆராய்ச்சியில் அவருக்கே இடமில்லை! லேசருக்கான முக்கியக் காப்புரிமை அவர் கைக்கு வந்தது 1977இல்தான்.

அதே நேரத்தில் மாலிபுவில் மெய்மன், ஹ்யூஸ் கம்பெனி ஒதுக்கிய சின்னத் தொகையில், சுருள் ஃப்ளாஷ் விளக்குக்குள் ஒரு மாணிக்கத் துண்டைச் செருகி வேலையை முடித்துவிட்டார். ஆக, லேசரைப் பெற்றெடுத்தது ராணுவம் இல்லை. வளர்த்ததில் பெரிய பங்கு உண்டு.

உருப்படியாக வந்தது எது என்று கேட்டால், லேசரால் தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர்களை அலைன் பண்ணியே காலம் தள்ளியவன் நான், என் ஓட்டு க்யூ ஸ்விட்ச்சுக்குத்தான். மெய்மனின் லேசர் ஒரே வெட்டில் வெளிச்சம் தரவில்லை. மில்லிவினாடி அளவுக்கு நீளும் துடிப்பு, அதற்குள் முட்கள் மாதிரி ஒழுங்கில்லாத பல ஏற்ற இறக்கங்கள். அதை வைத்துத் தூரம் அளக்க முடியாது. ஒளி ஒரு நானோவினாடியில் 30 செ.மீ. போகிறது. போய்த் திரும்பும் கணக்கில் பார்த்தால், 10 நானோவினாடித் துடிப்பு என்பது சுமார் ஒன்றரை மீட்டர். அந்த அளவுக்குத் துடிப்பு குறுகினால்தான் பீரங்கிக்காரருக்குப் பிரயோஜனம். ஹ்யூஸிலேயே இருந்த ஹெல்வார்த் 1961இல் வழி சொன்னார், அடுத்த வருஷம் மெக்லங்கோடு சேர்ந்து செய்தும் காட்டினார். விளக்கு எரிந்து படிகத்தில் ஆற்றல் ஏறும்வரை ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிக்குப் போகும் வழியை அடைத்து வை. முழுசாக ஏறியதும் சட்டென்று திற. தேங்கியது அத்தனையும் மெகாவாட் கணக்கில் ஒரே துடிப்பாக வெளியே வரும். இதுதான் க்யூ ஸ்விட்ச்.

எங்கள் ரேஞ்ச்ஃபைண்டர்களின் துடிப்பைக் கண்ணால் பார்க்க முடியாது, அது மாணிக்க லேசர் மாதிரி சிவப்பு இல்லை, 1.06 மைக்ரான் அகச்சிவப்பு. நாங்கள் டெவலப் செய்த கறுப்பு ஃபோட்டோ காகிதத்தை முன்னால் பிடித்துச் சுடுவோம். "டப்" என்று சத்தம் வரும், காகிதத்தில் சாம்பல் நிறத் தழும்பு விழும். தழும்பு வட்டமாக இருந்தால் சரி. அரை நிலா மாதிரி இருந்தால் உள்ளே ஏதோ விளிம்பு கதிரை வெட்டுகிறது, மறுபடி திருகாணியைப் பிடிக்க வேண்டியதுதான். லென்ஸில் ஒரு தூசி இருந்தாலும் போச்சு. மேல்பூச்சில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, டார்ச்சைச் சாய்த்து அடித்தால்தான் தெரியும்.

வழிகாட்டுக் குண்டு இதன் தம்பி. ஒருவர் இலக்கில் லேசரை அடிக்க, குண்டின் மூக்கிலுள்ள டிடெக்டர் அந்தச் சிதறலைத் தேடிப் போகும். டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸில் வெல்டன் வேர்டின் குழு செய்த பேவ்வே குண்டில் எனக்குப் பிடித்தது அதன் சிக்கனம். டிடெக்டர் நான்கு கால்பகுதி. எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் துடுப்பு முழுசாகத் திரும்பும், பாதித் திருப்பம் என்ற பேச்சே இல்லை. மூக்கில் ஒரு வளையம் காற்றுப் போகிற திசைக்குத் தானே திரும்பிக்கொள்ளும், திசையைக் காக்கும் கைரோஸ்கோப் தேவையில்லை. வியட்நாமில் தான்ஹோவா என்ற ஊரின் பாலத்தை 1965 முதல் குண்டு போட்டும் அமெரிக்காவால் வீழ்த்த முடியவில்லை. 1972 மே 13இல் லேசர் குண்டுகள் அதைச் சாய்த்தன.

நிழல்மானி:

மிக்க நன்றி சார். அப்போ மரணக் கதிர் ஏன் வரவில்லை? பவர் போதாததா?

பழைய பெஞ்ச்:

பவர் மட்டும் இல்லை, காற்றும்தான். ஒய்ஏஎல்-1 என்று போயிங் 747 விமானத்துக்குள் ரசாயன லேசர் வைத்தார்கள். 1.315 மைக்ரான், ஒன்றரை மீட்டர் கண்ணாடி. ஒளியின் இயல்பான விரிவை மட்டும் கணக்கிட்டாலே 100 கி.மீ. தள்ளி 20 செ.மீ. அகலப் புள்ளிதான் கிடைக்கும். அதற்கு மேல் காற்றின் கொந்தளிப்பு. அது போதாதென்று, கதிர் தான் போகும் வழியிலுள்ள காற்றைச் சூடாக்கி, அந்தக் காற்றே கதிரை விரிக்கும் லென்ஸாகிவிடும். 2010 பிப்ரவரியில் சோதனை ஏவுகணை ஒன்றை வீழ்த்தியது உண்மை. அடுத்த வருஷம் திட்டத்தை மூடியதும் உண்மை. இப்போது கண்ணாடி இழையால் ஆன ஃபைபர் லேசர்களைச் சேர்த்துக் கட்டி, கிட்டத்தில் வரும் ட்ரோன்களை அடிக்கிறார்கள். 2014இல் அமெரிக்கக் கடற்படையின் போன்ஸ் கப்பலில் வைத்தது 30 கிலோவாட் வகை.

தொலைநோக்கிப் பைத்தியம்:

காற்று என்றதும் வந்துவிட்டேன். அந்தக் கொந்தளிப்போடு மல்லுக்கட்டியதில் வானியலுக்கு ஒரு புதையல் கிடைத்தது. நெளியும் கண்ணாடியால் காற்றின் கலக்கத்தைத் திருத்தலாம் என்று வானியலாளர் பாப்காக் 1953லேயே சொன்னார். ஆனால் திருத்தத்துக்குப் பக்கத்தில் பிரகாசமான விண்மீன் ஒன்று வேண்டும். ராணுவத்துக்கு ஆலோசனை சொல்லும் ஜேசன் குழுவில் வில் ஹேப்பர் 1982இல் கொடுத்த யோசனை: 90 கி.மீ. உயரத்தில் சோடியம் அணுக்கள் இருக்கின்றன, 589 நானோமீட்டர் லேசரால் அவற்றை ஒளிரவைத்துச் செயற்கை விண்மீன் உண்டாக்கலாம். எல்லாம் ரகசியம். இது தெரியாமலே பிரெஞ்சு வானியலாளர்கள் ஃபுவாவும் லபேரியும் 1985இல் லேசர் விண்மீன் யோசனையைத் தாங்களாகக் கண்டு வெளியிட்டார்கள்! ராணுவம் ரகசியத்தை விலக்கியது 1991இல்தான். பால்வீதியின் மையக் கருந்துளையைக் கெக் தொலைநோக்கியில் ஆராய்ந்து ஆண்ட்ரியா கெஸ் 2020இல் நோபல் வாங்கினாரே, அந்த ஆய்வில் லேசர் விண்மீனுக்கும் பங்கு உண்டு.

நிழல்மானி:

க்யூ ஸ்விட்ச், செயற்கை விண்மீன், இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். ஆபத்து பற்றி யாராவது கேட்டால்?

பழைய பெஞ்ச்:

1.06 மைக்ரான் கண்ணுக்குத் தெரியாது, அதனால் இமை மூடாது. ஆனால் கண்ணின் லென்ஸ் அதை விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவித்துவிடும், செறிவு லட்சம் மடங்கு ஏறும். அதனால்தான் புதிய ரேஞ்ச்ஃபைண்டர்கள் எர்பியம் கண்ணாடி லேசர் மாதிரியான 1.5 மைக்ரான் பக்கம் போயின. அந்த ஒளியைக் கண்ணின் முன்பகுதியே உறிஞ்சிவிடும், விழித்திரைக்குப் போகாது. அளவுக்கு மீறினால் அதுவும் கருவிழியைச் சுடும், "கண்ணுக்குப் பாதுகாப்பானது" என்ற பட்டியை நம்பி உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். சட்டம் கேட்டால், நிரந்தரமாகக் குருடாக்குவதற்கென்றே செய்த லேசர்களை 1995இன் ஐ.நா. நெறிமுறை தடை செய்கிறது, 1998 முதல் அமலில் இருக்கிறது. ரேஞ்ச்ஃபைண்டருக்குத் தடை இல்லை.