புதுப்பிப்பு: காலண்டரில் 412 பிழை தீர்ந்தது

டெஸ்க்டாப் காலண்டர் மென்பொருளில் சேர்க்கும் புது நிகழ்வு வீட்டு சர்வருக்குப் போகிறது, பழையதைத் திருத்தினால் மட்டும் 412 பிழை (கோரிக்கையில் வைத்த நிபந்தனை பொருந்தவில்லை என்று சர்வர் மறுப்பது) வருகிறது என்று கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது.

கோளாறு காலண்டர் சர்வரில் இல்லை, அதன் முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் ரிவர்ஸ் பிராக்ஸியில். சர்வரின் பதிலை ஜிசிப் என்ற சுருக்க முறையில் சுருக்கும்போது அது ஈடேக்கின் (நிகழ்வின் எந்தப் பதிப்பு என்று காட்டும் அடையாளக் குறி) முன்னால் ‘டபிள்யூ/’ என்று ஒட்டிவிடுகிறது. திருத்தத்தை அனுப்பும்போது மென்பொருள் அதையே இஃப்-மேட்ச் தலைப்பில் வைக்கிறது. அந்தத் தலைப்பில் வந்ததும் சர்வரில் இருப்பதும் ஒன்றாக இருந்தால்தான் சர்வர் திருத்தத்தை ஏற்கும்; அந்த ஒப்பீட்டில் ‘டபிள்யூ/’ (பலவீனமான ஈடேக் என்பதன் குறி) போட்ட ஈடேக் ஒருபோதும் பொருந்தாது. புது நிகழ்வுக்குப் பழைய ஈடேக்கே கிடையாது, அதனால் அதற்குச் சிக்கல் இல்லை.

காலண்டர் பாதைக்கு மட்டும் ஜிசிப்பை நிறுத்தினேன். அப்புறம் மென்பொருளில் காலண்டரை நீக்கி மறுபடி சேர்த்தேன், பழைய ஈடேக்குகள் போக வேண்டுமே. நீக்கும் முன் அனுப்பப்படாத திருத்தங்களைக் கட்டாயம் எடுத்து வையுங்கள்.

பிராக்ஸி இல்லாமல் நேரடியாக இணைத்துப் பார்க்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி. அதில்தான் பிடி கிடைத்தது.