புதுப்பிப்பு: குர்குமின் வெளியே வராத ஜெல் மணிகள்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: ஈரோட்டு மஞ்சளில் எடுத்த குர்குமினை (மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள்) ஆல்ஜினேட் (கடற்பாசியில் கிடைக்கும் கூழ்ப்பொருள்) ஜெல் மணிகளுக்குள் அடைத்தேன், பிஎச் (அமில-கார அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 7.4 பாஸ்பேட் கரைசலில் மணி நன்றாக உப்புகிறது, ஆனால் அளந்தால் குர்குமினையே காணோம், ஏன் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. காரணம் தெரிந்துவிட்டது.

தப்பு மணியில் இல்லை. வெளியே வந்த குர்குமின் தண்ணீரில் கரையாமல் பீக்கர் அடியில் மஞ்சள் பொடியாகப் படிந்திருந்தது. வடிகட்டும்போது அதையும் சேர்த்து எறிந்திருக்கிறேன். கரைந்த கொஞ்சமும் தங்கவில்லை: 37 டிகிரியில், பிஎச் 7.2 பாஸ்பேட் கரைசலில், அரை மணி நேரத்திலேயே சுமார் 90 சதவீதம் சிதைந்துவிடுவதை 1997-லேயே அளந்து எழுதியிருக்கிறார்கள்.

பெருந்துறையில் அம்மிச்சியிடம் இதைச் சொன்னேன். "சுண்ணாம்பு பட்டா மஞ்சள் செவக்குமில்ல கண்ணு, ஆரத்தித் தட்டுல பாத்ததில்லையா?" என்றார். காரம் பட்டால் குர்குமின் மாறும் என்பதை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்துத்தான் வந்திருக்கிறேன்!

சரி, இப்போது செய்தது: பிஎச் 6.8, கரைய உதவ கொஞ்சம் ட்வீன் 80, வெளிச்சம் படாமல் பீக்கரைச் சுற்றி அலுமினியத் தாள். முதலில் பிஎச் 1.2 அமிலத்தில் இரண்டு மணி நேரம் வைத்தேன். மணிகள் சுருங்கி இறுகியே கிடந்தன. 6.8-க்கு மாற்றியதும் மணியை இறுக்கிப் பிடித்திருந்த கால்சியத்தை பாஸ்பேட் இழுத்துக்கொள்ள, மணியின் ஓரம் கொழகொழவென்று இளகி, கரைசல் மெல்ல மஞ்சளானது. அரை மணிக்கொரு தடவை அளந்தேன், ஒவ்வொரு தடவையும் அளவு ஏறியது.

அடுத்து, குர்குமினை முதலில் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரினில் (வளையம்போல் இணைந்த சர்க்கரை மூலக்கூறு) பொதிந்துவிட்டு மணியாக்கப் போகிறேன்.