வயல் சாலைகளில் ஒரு வாரப் பயணம்: டயர், வழி இரண்டுக்கும் யோசனை தேவை

நண்பர்களே, வணக்கம். நெடுஞ்சாலையை முடிந்தவரை தொடாமல், வயல்களுக்கு நடுவே போகும் சின்னச் சாலைகளிலேயே ஒரு வாரம் சைக்கிளில் போகத் திட்டம். ஒரு நாளைக்கு 70, 80 கிலோமீட்டர். கூடாரம் கிடையாது. பின்பக்கம் இரண்டு பைகள், சுமார் 10 கிலோ.

பெரிய குழப்பம் டயர்தான். இப்போது இருப்பது 700 x 28, அதாவது 28 மில்லிமீட்டர் அகலம். தார்ச் சாலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் வயல் பக்கம் திடீரென்று தார் முடிந்து சரளைக்கல் வரும், டிராக்டர் இழுத்து வந்த சேறு காய்ந்து கட்டியாகக் கிடக்கும், வேலி வெட்டிய முள் சிதறியிருக்கும். என் ஃபிரேமில் 38 வரை இடம் இருக்கிறது. 35 போதுமா, 38-க்கே போய்விடலாமா? அகல டயரில் காற்றைக் குறைத்து ஓட்டலாம், அதிர்வு குறையும், சரி. சுமையோடு பின்சக்கரத்தில் எவ்வளவு வைக்கிறீர்கள்? முள்ளுக்கு டியூப்லெஸ் சீலன்ட் (டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றும், ஓட்டையை அடைக்கும் திரவம்) நிஜமாகவே தாங்குகிறதா, மாற்று டியூபும் பேட்சுமே போதுமா?

அப்புறம் வழி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தை வைத்துத்தான் வரைகிறேன். பல சின்னச் சாலைகளுக்குத் தாரா மண்ணா என்ற குறிப்பே இல்லை. செயற்கைக்கோள் படத்திலும் ஓரளவுதான் பிடிபடுகிறது. நீங்கள் எப்படிச் சரிபார்க்கிறீர்கள்?

நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்துவிடுவேன். வெட்டவெளி எதிர்காற்றுக்குத்தான் அதிகாலையில் கிளம்புவதைத் தவிர வேறு மருந்து தெரியவில்லை.

பதில் சொல்பவர்கள் டயர் அளவு, காற்றழுத்தம், மொத்த எடை மூன்றையும் சேர்த்துச் சொன்னால் ஒப்பிட வசதி. "பார்த்துப் போங்க" மட்டும் வேண்டாம், அதை வீட்டிலேயே தினமும் சொல்கிறார்கள்.