புது வீட்டுக்குக் கூரை, ஜன்னல்: கம்பி போதுமா, கண்ணாடி தாங்குமா?

புதுமனை:
சுவர் லிண்டல் மட்டத்துக்கு, அதாவது ஜன்னலின் மேல்விளிம்பு வரை, வந்துவிட்டது. கூரைக்குக் கான்கிரீட்டா, ஓடா, மெட்டல் ஷீட்டா என்று இந்த வாரம் சொல்லியாக வேண்டும். ஜன்னலுக்கு யூபிவிசி எனும் கெட்டி பிளாஸ்டிக் சட்டம் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். பகலெல்லாம் வீடு பூட்டித்தான் கிடக்கும், திருட்டு பயம்தான் பெரிது. டஃபன்ட் கண்ணாடி (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து வலுவேற்றியது) போட்டால் கம்பியே வேண்டாம் என்கிறார் ஜன்னல் போடுபவர். நம்பலாமா?

பட்டறை:
நம்பாதீர்கள். சாதாரணக் கண்ணாடியைவிட டஃபன்ட் நாலைந்து மடங்கு வலு, அது உண்மை. ஆனால் கூரான முனையால் ஓரத்தில் ஒரு தட்டு தட்டினால் மொத்தமும் கல்கண்டு மாதிரி பொலபொலவென்று கொட்டிவிடும். உடைந்தால் ஆளைக் கிழிக்கக் கூடாது என்று செய்த கண்ணாடி அது. 12 மி.மீ. சதுரக் கம்பியைச் சுவருக்குள் பதியுங்கள், மேலே கான்கிரீட் போடுங்கள். வேறு யோசனையே வேண்டாம்.

ஜன்னலோரம்:
கண்ணாடி பற்றி அண்ணன் சொன்னது சரி. பதித்த கம்பியைத்தான் என்னால் ஏற்க முடியாது. ஒரு ராத்திரி எங்கள் வீட்டுக் கூடத்தில் வயர் பற்றிக்கொண்டது. கூடத்தைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக முடியும். நானும் அம்மாவும் படுக்கையறை ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு மூச்சு வாங்கினோம். கை மட்டும் வெளியே போனது, தலை போகவில்லை. அக்கம்பக்கத்தார் வந்து வாசல் கதவை உடைத்ததால் பிழைத்தோம். அம்மா கன்னத்தில் கம்பித் தடம் விடியும்வரை மறையவில்லை.

லேமினேட்டட் கண்ணாடி போடுங்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிவிபி எனும் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். விரிசல் விட்டாலும் சட்டத்தை விட்டு உதிராது. ஐரோப்பியத் தரமான இஎன் 356-இல் பி4ஏ வகைக்கு 4.11 கிலோ இரும்புக் குண்டை 9 மீட்டர் உயரத்திலிருந்து மூன்று முறை போட்டுப் பார்ப்பார்கள். குண்டு ஊடுருவக் கூடாது.

பட்டறை:
தம்பி, உங்கள் அம்மா பிழைத்ததே பெரிய விஷயம். ஆனால் திருடன் குண்டு போடுவதில்லை, சட்டத்தை நெம்புகிறான். கண்ணாடி முழுசாக இருக்கும், கதவு திறந்துவிடும்.

ஜன்னலோரம்:
அதனால்தான் பூட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். ஒரே கொண்டி போதாது. சுற்றிலும் பல இடத்தில் கடிக்கும் பூட்டு, அதுவும் காளான் தலை முளை வைத்தது வேண்டும், நெம்பினால் கழன்று வராது. ஸ்லைடிங் என்றால் தண்டவாளத்திலிருந்து தூக்கிக் கழற்ற முடியாதபடி மேலே தடுப்புக் கட்டை. கண்ணாடியைப் பிடிக்கும் பீடிங் பட்டை உள்பக்கம் இருக்க வேண்டும். யூபிவிசிக்குள் கால்வனைஸ்டு (துத்தநாகம் பூசிய) இரும்பு இருக்கிறதா என்று வெட்டின துண்டைக் கேட்டுப் பாருங்கள்.

ஓட்டுவீடு:
கூரையை விட்டுவிட்டீர்களே! எங்கள் வீட்டில் நாலு ஓடுகளை நகர்த்தி, அவற்றைத் தாங்கும் ரீப்பர் கட்டை ஒன்றை அறுத்து இறங்கினார்கள். வாசல் பூட்டில் கீறல்கூட இல்லை. ஓடு போட்டால் அடியில் பலகை அடியுங்கள், இல்லையென்றால் வெல்டு மெஷ் எனும் இரும்புக் கம்பி வலை. ஷீட்டில் திருகின் தலை வெளியே இருக்கும், ஸ்பேனர் வைத்திருப்பவன் கழற்றிவிடுவான். காற்றும் ஓரத்திலும் மூலையிலும்தான் அதிகம் தூக்கும், அங்கே திருகை நெருக்கிப் போட வேண்டும்.

பட்டறை:
அதனால்தான் கான்கிரீட் என்றேன்.

ஓட்டுவீடு:
மாடிப்படி அறைக்கு என்ன கதவு போடுவீர்கள் அண்ணே? பெரும்பாலும் இருப்பதிலேயே மெல்லிய கதவு அங்கேதான் போகிறது. மாடியில் நின்று உடைத்தால் தெருவுக்கும் தெரியாது.

பட்டறை:
அது நியாயம். வாசலுக்குப் போடும் கதவையே அங்கேயும் போடச் சொல்லுங்கள். கம்பியை மட்டும் நான் விடமாட்டேன். வேண்டுமானால் படுக்கையறைக்கு ஒன்று திறக்கிற மாதிரி செய்யலாம். கீலும் பூட்டும் உள்பக்கம். சாவி ஜன்னலிலிருந்து கைக்கு எட்டாத ஆணியில், ஆனால் இருட்டிலும் வீட்டார் தடவி எடுக்கிற இடத்தில்.

ஜன்னலோரம்:
இதற்கு நான் சம்மதம். எல்லா படுக்கையறைக்கும் செய்யுங்கள், ஒன்றுக்கு மட்டும் வேண்டாம்.

புதுமனை:
இன்று ஜன்னல் போடுபவரிடம் வெட்டின துண்டு கேட்டேன். உள்ளே இரும்பே இல்லை, வெறும் கூடு. ஆர்டரை நிறுத்திவிட்டேன். கூரை கான்கிரீட்தான், மாடிப்படிக் கதவுக்கு நாளை அளவெடுக்கிறார்கள்.