மறு: டிஃபரன்ஷியல் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட், தமிழ்ல என்ன சொல்லலாம்?

ஐயா வணக்கம், நீங்க குடுத்த 'வகையீட்டு வலுவூட்டல்' பாத்தேன். வலுவூட்டல் இருக்கட்டும், கம்பி கட்டுற கான்கிரீட்டுக்கும் அதே சொல்தான்னாலும் உளவியல்ல பழகிடுச்சு. ஆனா வகையீடுன்னதும் பிளஸ் டூ கணக்குப் புத்தகம்தான் ஞாபகம் வருது, இங்க அந்த அர்த்தமே இல்லயே. ஒரு நடத்தைக்குப் பலன் கிடைக்கணும், இன்னொண்ணுக்குக் கிடைக்கக்கூடாது, அவ்ளோதான் விஷயம்.

நான் சிறப்புக் குழந்தைகளோட வேலை பாக்குறவ. ஒரு பையன், ஆறு வயசு, பேச்சு இன்னும் வரல, முறுக்கு வேணும்னா தட்டத் தூக்கி அடிப்பான், சத்தம் தாங்காம பாட்டி உடனே முறுக்கக் கையில குடுத்துருவாங்க, அடிச்சா வரும்னு அவனும் கத்துக்கிட்டான். இப்ப முறுக்குப் படம் போட்ட அட்டைய எடுத்து நீட்டுனா அந்த செகண்டே ஒரு துண்டு, தட்டு பறந்தா ஒண்ணும் கிடையாது. ஆரம்பத்துல தட்டு இன்னும் ஜாஸ்தியாத்தான் பறந்துச்சு, அப்படி ஆகுறது உண்டு, அந்த நேரம் பாத்து மனசு இளகிக் குடுத்துட்டோம்னா இன்னும் பலமா அடிக்கணும் போலன்னு ஆயிடும். பாட்டிகிட்ட போய் வகையீடுன்னா முடியுமா? 'பிரிச்சுப் பாத்துக் குடுங்கம்மா'ன்னேன், புரிஞ்சுது. அதனால என் ஓட்டு 'பிரித்து வலுவூட்டல்'.

('பிரித்தூட்டல்'னு சுருக்கச் சொன்ன தம்பி, சோறு ஊட்டுற மாதிரி இருக்குப்பா, வேணாம்.)

உள்வகைகள்ல 'மாற்று நடத்தை' ஓகே, அட்டை நீட்டுறது அதுதான். தகராறு இன்கம்பாட்டிபிள்ல, அதாவது வேண்டாத நடத்தையோட ஒரே நேரத்துல செய்யவே முடியாத நடத்தை. கையக் கடிக்கிற பிள்ளைய ரெண்டு கையாலயும் பந்தப் பிடிக்க வச்சு அதுக்குப் பலன் குடுக்குறோம், பிடிச்சிருக்கும்போது கடிக்க முடியாதுல்ல. இதுக்கு அக்கா சொன்ன 'கூடா நடத்தை', ரெண்டும் சேராதுங்கிற அர்த்தத்துல சரிதான், ஆனா குறள்ல கூடாவொழுக்கம்னு ஒரு அதிகாரமே இருக்கே, படிக்கிறவங்க கெட்ட நடத்தைன்னு எடுத்துக்குவாங்க, நாம வளக்கப் பாக்குற நடத்தைக்குப் போய் அந்தப் பேரா? 'உடன்நிகழா நடத்தை' நீளம்தான், ஆனா தலைகீழாப் புரியாது.

குறிப்பிட்ட நேரம் அந்த நடத்தையே வராம இருந்தா பலன் குடுக்குறதுக்கு 'இன்மைக்கு வலுவூட்டல்' போடலாம். வகுப்புல இருபது தடவ கை தூக்குறவன நாலு தடவைக்குக் கொண்டு வர்றோமே, நிறுத்தாம குறைக்கிறது மட்டும், அதுக்குத்தான் மாட்டல. 'குறைவீத வலுவூட்டல்'னா கெமிஸ்ட்ரி வாடை அடிக்குது, யாராச்சும் வேற சொல்லுங்களேன்.