உப்புப் பூத்து உதிரும் உட்சுவரை நாமே சரிசெய்ய முடியுமா?

வினா:
மதுரையில் 1987இல் கட்டிய எங்கள் வீட்டின் படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து ஏறத்தாழ 2 அடி உயரம் வரை வண்ணம் கொப்புளித்து, வெள்ளையாக உப்புப் பூத்து, விரல் பட்டாலே பூச்சு மணலாகக் கொட்டுகிறது. சுவருக்கு அந்தப்புறம் குளியலறை. சென்ற ஆண்டு பட்டி (சுவரை வழவழப்பாக்கும் மாவுப் பூச்சு) வைத்து வண்ணம் அடித்தும், மழைக்காலம் முடிவதற்குள் பழையபடி ஆகிவிட்டது. இவ்வளவு சிறிய வேலைக்குக் கொத்தனார் எவரும் வர மறுக்கிறார்கள். கரணையைப் பிடித்தே பழக்கமில்லாத நான் இதில் இறங்கலாமா?

மறுமொழி 1:
தாராளமாக இறங்கலாம். ஆனால், கரணை வாங்குவதற்கு முன்பு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். செங்கல்லிலும் சாந்திலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வரும் ஈரம், சுவரின் முகப்பில் ஆவியாகும்போது உப்பை அங்கேயே படிகமாக விட்டுச் செல்கிறது. அந்தப் படிகம் பருத்துத் தள்ளுவதால்தான் பட்டியும் வண்ணமும் கழன்று விழுகின்றன. சென்ற ஆண்டு நீங்கள் வைத்த பட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. உதிரும் பகுதிக்குச் சற்று மேலே, ஓர் அடிச் சதுரப் பாலித்தீன் தாளின் நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் ஒட்டி ஒரு நாள் விட்டுவையுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் உள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் வியர்த்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை. குளியலறை டைல்ஸ் இடுக்குகளையும் குழாய் இணைப்புகளையும் பார்க்க மறக்க வேண்டாம்.

மறுமொழி 2:
கசிவை அடைத்த பிறகு செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தச் சுவரில் மின்கம்பி ஓடினால் முதலில் மெயினை நிறுத்துங்கள். சுத்தியலின் பிடியால் தட்டிக்கொண்டே போனால், பிடிப்பு விட்ட இடம் பொள்ளென்று ஒலிக்கும். அங்கெல்லாம் செங்கல் தெரியும்வரை உளியால் கொத்தி எடுத்து, செங்கல் இடுக்குகளையும் ஒரு சென்டிமீட்டர் ஆழத்திற்குச் சுரண்டுங்கள். உப்பை உலர்ந்த தூரிகையால் தேய்த்து அள்ளி அப்புறப்படுத்த வேண்டும்; கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள் போய்விடும். பிறகு சுவரைச் சில வாரங்கள் திறந்தே காயவிடுங்கள். இந்தக் காத்திருப்புக்குப் பொறுமை இல்லாதவர்கள்தான் ஆண்டுதோறும் பட்டி வாங்குகிறார்கள்.

காய்ந்த பின் நீர் தெளித்து, சிமெண்ட் பால் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு சலித்த பூச்சுமணல் என்ற கலவையை 12 மி.மீ. கனத்திற்குப் பூசி, மணியாசுக் கட்டையால் (பூச்சைச் சமன்செய்யும் கைப்பிடி வைத்த பலகை) தேய்த்துவிடுங்கள். புதியவர்கள் கலவையில் தண்ணீரைக் கூட்டிவிடுவார்கள். கரணையிலிருந்து வழிகிற சாந்து சுவரில் நிற்காது. ஒரு மணி நேரத்தில் பூசி முடிக்கும் அளவுக்கு மட்டும் கலக்கவும். 7 நாள் தண்ணீர் காட்டி, நன்றாக உலரவிட்டு, அதன் பிறகே பட்டி வைக்க வேண்டும். பட்டியை 1.5 மி.மீ.க்கு மேற்படாமல் இரண்டு முறை இழுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடியுங்கள்.

மறுமொழி 3:
கடைக்காரர் நீர்புகா வண்ணம் தந்தால் இந்தப் பக்கத்தில் அடிக்காதீர்கள். நான் அடித்தேன், வெளியேற வழியில்லாத ஈரம் ஓர் அடி மேலே ஏறி, அங்கே உதிரத் தொடங்கியது. நீர்த்தடுப்பு வேலை குளியலறைப் பக்கத்தில்தான் நடக்க வேண்டும்.

வினா எழுப்பியவர்:
பாலித்தீன் தாளின் சுவர்ப்பக்கம்தான் வியர்த்திருந்தது. குளியலறையில் தேடியபோது, வாளிக்கு மேலுள்ள குழாயின் இணைப்பு சுவருக்குள் கசிவது தெரிந்தது. பிளம்பர் நாளை வருகிறார். பூச்சை மட்டும் இப்போதே கொத்தி எடுத்துவிட்டு, மாசி மாத வெயிலில் பூசலாம் என்றிருக்கிறேன்.