அக்கா படிப்பை நிறுத்தியதால் நான் படித்தேன், இப்போது என்ன செய்வது?

தங்கச்சிமடத்தான்:

நீளமான பதிவு, பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

ஊர் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடம். இப்போது அபுதாபியில் ருவைஸ் பக்கம் பைப்பிங் சூப்பர்வைசர். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போனவர், சொந்தப் படகு கிடையாது. வாடை வீசும் மாதங்களிலும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்திலும் அப்படிப்பட்ட வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று நம்ம கடற்கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்கா மூன்று வயது மூத்தவள், என்னைவிட நன்றாகப் படித்தவள், எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்ததே அவள்தான். ஒன்பதாவதோடு நிறுத்தி நண்டு கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்கள். அவித்த நண்டின் ஓட்டை உடைத்துச் சதை எடுக்கிற வேலை, கிலோ கணக்கில் கூலி. அந்தக் காசில்தான் நான் விடுதியில் தங்கி பாலிடெக்னிக் முடித்தேன். வீட்டில் யாரும் இதை ஒரு விஷயமாகப் பேசியதே இல்லை. ஆம்பளைப் பிள்ளை படிக்கிறான், பொம்பளைப் பிள்ளை கை கொடுக்கிறாள், அவ்வளவுதான்.

2021இல் கொரோனா இரண்டாம் அலையில் அப்பா போய்விட்டார். விமானம் இல்லை, போனில்தான் அடக்கத்தைப் பார்த்தேன். அப்போதும் எல்லாவற்றையும் நின்று பார்த்தது அக்காதான்.

இந்த ஆகஸ்ட் 15 அன்று கேம்ப்பில் நம் ஆட்கள் சேர்ந்து கேக் வெட்டினார்கள், என்னைப் பேசச் சொன்னார்கள். இங்கே தங்கச்சிமடம் என்றால் ஒருவருக்கும் தெரியாது, அப்துல் கலாம் ஊர் என்றால் பீகார்க்காரர் எழுந்து வந்து கை கொடுப்பார். கலாமைப் பற்றித்தான் பேசினேன். பேப்பர் போட்ட பையன் ஜனாதிபதி ஆன நாடு இது என்று முடித்தபோது நல்ல கைதட்டல், எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. ராத்திரி ரூமுக்கு வந்து போனைப் பார்த்தால் அக்கா மகளின் மெசேஜ். பிளஸ் டூ படிக்கிறாள். "மாமா, எனக்கு நர்சிங் சேரணும், அம்மா காசில்லைன்னு சொல்லுது, உங்ககிட்ட கேட்கக் கூடாதுன்னும் சொல்லிருச்சு."

காசு அனுப்புவேன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஏன் கேட்கக் கூடாது என்றாள்? அது உள்ளே உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறது.

இன்னொன்று. நான் கொஞ்ச காலமாகத் தன்முன்னேற்ற வீடியோ பைத்தியம். நாலரைக்கு எழுவது, டயரி எழுதுவது, பச்சைத் தண்ணீரில் குளிப்பது (இங்கே கோடையில் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும், அது வேறு கதை). இவ்வளவு செய்தும் ஒரு நல்ல மனிதனாக மாறிக்கொண்டிருக்கிறேன் என்ற உணர்வு வரவில்லை. மேடையில் வந்த அந்தப் பெருமைகூடப் பொய்தானோ என்று தோன்றுகிறது. அக்காவிடம் எப்படிப் பேசுவது, எங்கே தொடங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கரைவலை:

சகோ, கேக் வெட்டிப் பேசிய அந்தப் பேச்சில் ஜோஹரா பெயர் வந்ததா? வந்திருக்காது, யார் பேச்சிலும் வருவதில்லை. கலாமுக்குச் சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது சேர்க்கைக்கு ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது, அப்பாவிடம் அவ்வளவு பணம் இல்லை. தன்னுடைய தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தது அவருடைய அக்கா ஜோஹரா. இதைக் கலாமே எழுதியிருக்கிறார், சொந்தமாகச் சம்பாதித்து அந்த நகையை மீட்டுக் கொடுப்பேன் என்று அப்போதே முடிவு செய்ததாகவும் எழுதியிருக்கிறார். நம்ம ஊரில் "கலாம் பேப்பர் போட்டுப் படிச்சாரு, உனக்கென்ன கேடு" என்று பையன்களை அடிக்க அவரைக் கம்பாக வைத்திருக்கிறோமே தவிர, அந்த வளையலைப் பற்றி ஒரு வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை.

பேய்க்கரும்பு நினைவிடத்துக்கு டூர் பஸ்ஸில் வந்து இறங்குகிற கூட்டத்தைத் தினமும் பார்க்கிறேன், ராக்கெட் மாடல் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துவிட்டுத் தனுஷ்கோடிக்குக் கிளம்பிவிடுவார்கள். அதைத் தப்பென்று சொல்லவில்லை. உங்கள் பிரச்சினை டயரியில் தீராது என்றுதான் சொல்கிறேன். நாலரைக்கு எழுந்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கு என்ன லாபம்? நம்ம பக்கம் கடலில் பாசி எடுக்கப் போகிற பெண்கள் எந்த வீடியோவும் பார்க்காமல் அதே நேரத்துக்கு எழுந்திருக்கிறார்கள்.

அக்கா ஏன் கேட்க வேண்டாம் என்றாள் என்பது எனக்குப் புரிகிறது. ஒரு தடவை கேட்டால் கணக்கு நேராகிவிடும். நீ கொடுத்தாய், நான் வாங்கினேன் என்று ஆகிவிடும். கேட்காமல் இருக்கிறவரை அவள் கொடுத்தவள்.

ஓய்வுபெற்ற ஹவில்தார், திருவாடானை:

தம்பி கரைவலை சொன்னதில் பாதியை ஏற்கிறேன், பாதியை ஏற்கவில்லை. விடிகாலையில் எழுவதைக் கிண்டல் செய்யாதீர்கள். பட்டாளத்தில் எனக்கு மிச்சமானது அந்தப் பழக்கம் ஒன்றுதான், பென்ஷனைச் சேர்க்காமல்.

நாட்டுப் பெருமை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி, மழை இல்லாவிட்டால் பையன்கள் ராமநாதபுரம் மைதானத்தில் ஓடிப் பழகி ஆள்சேர்ப்புக்குப் போவார்கள். 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் இறந்த ஹவில்தார் பழனி எங்கள் திருவாடானை வட்டம் கடுக்கலூர்க்காரர், இறந்த பிறகு வீர சக்ரா கொடுத்தார்கள். அந்தச் சேதி வந்த அன்று எங்கள் தெருவில் யாரும் கோஷம் போடவில்லை. அவர் மனைவி, பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்றுதான் எல்லா வீட்டிலும் பேச்சு. பெருமை இல்லாமல் இல்லை. அதைத் தூக்கிச் சுமக்கிறது வேறு ஆள், அதுதான் விஷயம். நான் லடாக்கில் இருந்தபோது வீட்டில் கிணறு தூர்ந்தது, மாமனார் படுத்த படுக்கையானார், மகள் வயதுக்கு வந்தாள், எல்லாம் எனக்கு இன்லேண்ட் கடிதத்தில்தான் வந்தன. லீவில் வந்தால் ஊரே சல்யூட் அடிக்கும், என் வீட்டுக்காரியை ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

நீங்கள் மேடையில் பேசியது பொய் இல்லை தம்பி. பாதிதான் பேசினீர்கள். அக்காவிடம் போன் பண்ணி மன்னிப்பு அது இதென்று அழ ஆரம்பிக்காதீர்கள், அப்புறம் அவள்தான் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். அதுவும் அவளுக்கு ஒரு வேலை.

முகாம் பிள்ளை:

இதில் நான் பேசலாமா என்று யோசித்தேன். நான் இலங்கை அகதிகள் இருக்கும் மண்டபம் முகாமில் பிறந்தவள். இப்போது அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர், 2021இல் மாற்றினார்கள். என் அம்மா மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்தவர். நான் பள்ளிக்கூடத்தில் தினமும் தமிழ்த்தாய் வாழ்த்தும் ஜன கண மனவும் பாடியவள், கலாம் இறந்தபோது எங்கள் வகுப்பே அழுதது, நானும் அழுதேன். ஆனால் என்னிடம் இந்தியக் குடியுரிமை இல்லை, பாஸ்போர்ட் இல்லை, ஓட்டு இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் சொன்ன நாடுகளில் இலங்கை இல்லை. அண்ணன் ருவைஸில் உட்கார்ந்து தன் பெருமை உண்மையா பொய்யா என்று யோசிக்கிறார், எனக்கு அப்படி யோசிப்பதே ஒரு வசதியாகத் தெரிகிறது. கோபத்தில் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாரும் சண்டைக்கு வர வேண்டாம். உங்கள் ஊர்ப் படகுகளை இலங்கைக் கடற்படை பிடித்தால் இங்கே எல்லாருக்கும் வயிறு எரிகிறது, எனக்கும்தான், அதில் போவது பக்கத்து வீட்டு அண்ணன்மார். ஆனால் என் சித்தப்பா மன்னாரில் சின்னப் படகு வைத்திருக்கிறார். இங்கிருந்து போகும் விசைப்படகின் இழுவைமடி (கடலடியை அரித்து இழுக்கிற வலை) அவர் விரித்த வலையை அறுத்துக்கொண்டு போனால், புது வலைக்குக் கடன் வாங்குவது அவர்தான். 2017இல் அங்கே இழுவைமடிக்குத் தடையே போட்டுவிட்டார்கள். 1974இல் கச்சத்தீவை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று பேசுகிறவர்கள் இந்த வலையைப் பேசுவதில்லை. எந்தப் பெருமைக்கும் பக்கத்தில் யாராவது ஒருவர் கணக்குக் கட்டிக்கொண்டு நிற்கிறார் போல.

அப்புறம், அக்கா மகள் 6 முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால் கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழையும் இப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள், கலந்தாய்வு நேரத்தில் இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது.

பத்திரக்காரர்:

எல்லாரும் மனசைப் பற்றிப் பேசிவிட்டீர்கள், நான் காகிதத்தைப் பற்றிக் கேட்கிறேன். ராமநாதபுரத்தில் பத்திரம் எழுதுகிற ஆள், பழக்கதோஷம். தம்பி, வீடு யார் பெயரில் இருக்கிறது? அம்மா இருக்கிறார்களா? அப்பா உயில் எழுதினாரா?

தங்கச்சிமடத்தான்:

அம்மா இருக்கிறார்கள். உயில் எல்லாம் இல்லை. வேர்க்காடு சர்ச்சுக்குப் போகிற வழியில் நாலு சென்ட், அப்பா பெயரில் இருந்தது, இப்போது பட்டா என் பெயரில். மேல்மாடி என் காசில் எடுத்தது. பெரியப்பாதான் எல்லாம் பார்த்து மாற்றிக் கொடுத்தார்.

பத்திரக்காரர்:

நினைத்தேன். நீங்கள் கிறிஸ்தவர் என்றால் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் உங்களுக்கு. உயில் இல்லாமல் அப்பா இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் என்ற பேதமே அதில் கிடையாது. உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருவர் என்றால் அம்மாவுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. மேல்மாடி உங்கள் செலவு, அது தனிக் கணக்கு, நிலம் அப்படி இல்லை. பட்டா உங்கள் ஒருவர் பெயருக்கு வந்திருக்கிறது என்றால் அம்மாவும் அக்காவும் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். இந்தக் கடற்கரையில் நான் எழுதிய விடுதலைப் பத்திரங்களில் பெரும்பாலும் பெண்பிள்ளைகள் கையெழுத்துத்தான். "எனக்குப் பூரண சம்மதம்" என்று நாங்களே டைப் அடித்துவிடுவோம், அவர்கள் படிக்கக்கூட மாட்டார்கள்.

அக்காவுக்கு உதவுவதாக நினைக்கிறீர்களே, முதலில் அவளுடையது எது என்று பாருங்கள்.

தங்கச்சிமடத்தான்:

இரண்டு நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும். அக்காவிடம் பேசினேன். பத்திரக்காரர் சொன்னது சரி. அடக்கம் முடிந்து முப்பதாம் நாள் பூசைக்கு முன்னாலேயே பெரியப்பா காகிதத்தோடு வந்திருக்கிறார், அவளும் அம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. எனக்கும் தெரியும் என்று அவள் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். "நீதான் கேட்டு அனுப்பினேன்னு பெரியப்பா சொன்னாரே" என்றாள். மகள் என்னிடம் காசு கேட்கக் கூடாது என்றது அதனால்தான்.

எனக்குப் பேச வரவில்லை. அவள் கொஞ்சமும் அழவில்லை, எதிரில் இருந்திருந்தால் திட்டியிருப்பாள். நர்சிங்குக்கு நான் கட்டுகிறேன் என்றதும் "அது நீ மாமன், கட்டுவே" என்று முடித்துவிட்டாள். பத்தாவது தனித்தேர்வு எழுதுகிறாயா என்று கேட்டேன் (ஏதோ வீடியோவில் பார்த்த ஞாபகம்), அதற்கு மட்டும் சிரித்தாள். "இப்ப எனக்குக் கணக்குப் படிச்சு என்ன ஆகப்போகுது, அந்த நாலு சென்ட்ல என் பங்கைக் கணக்குப் போட்டுக் கொடு" என்றாள்.

கரைவலை:

அக்கா தெளிவாகத்தான் இருக்கிறாள். பெரியப்பாவை என்ன செய்யப் போகிறீர்கள்?

தங்கச்சிமடத்தான்:

தெரியவில்லை. அவர்தான் எங்களை வளர்த்த மாதிரி. அது அடுத்த சண்டை. முதலில் பங்கைத் திருப்பிக் கொடுக்க வழி சொல்லுங்கள், இங்கிருந்தே பவர் எழுதி அனுப்பலாமா?

பத்திரக்காரர்:

தூதரகத்தில் சான்று வாங்கிப் பவர் அனுப்பலாம், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். ஆனால் யார் பெயருக்குப் பவர் கொடுப்பீர்கள்? ஊரில் இருக்கிற பெரிய மனிதர் மறுபடியும் பெரியப்பாதானே? பேசாமல் லீவு போட்டு வாருங்கள். அக்காவின் பங்கை உங்கள் பெயரிலிருந்து அவள் பெயருக்கு செட்டில்மெண்ட் (பணம் வாங்காமல் எழுதிக் கொடுக்கிற பத்திரம்) எழுதலாம், ரத்த உறவுக்குள் என்பதால் கட்டணம் குறைவு. அம்மா பங்கு யாருக்கு என்பதை அம்மாவே சொல்லட்டும். வரும்போது மூலப் பத்திரம், வாரிசுச் சான்று, அப்பா இறப்புச் சான்று, அந்த விடுதலைப் பத்திரத்தின் நகல் எல்லாம் எடுத்து வையுங்கள். ஒன்று மட்டும், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பத்திரத்தை அக்காவே முழுசாகப் படிக்கட்டும், நான் காத்திருக்கிறேன்.